சிறை என்றால் இறக்கை

பழைய தமிழில் சிறை என்றால் பறவையின் இறக்கை. ஆன்லைனில் என்னிடம் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு அதை எப்படிச் சொல்வது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அகராதியில் அந்த ஒரு சொல்லுக்கே இறக்கை, பக்கம், கரை, அணை, காவல் என்று பல பொருள். எது முந்தியது என்று அடித்துச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. கோழி குஞ்சைக் காப்பதும் இறக்கைக்குள்தானே, அப்படிக் காவலாகி ஜெயில்வரை வந்திருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். இறக்கை என்ற பொருள் இன்று போயே போய்விட்டது. எங்கள் ஸ்ரீராம்புரத்துச் சந்தில் தமிழர் றெக்கை என்பார், கன்னடக்காரர் ரெக்கெ என்பார்.

அப்போது மேலே ஏதோ நொறுங்கியது.

என் வீட்டுக்காரர் மாடியில் புறா வளர்க்கிறார். புதுப் புறா பழைய இடத்துக்கே பறந்துவிடாமலிருக்க, கூடு பழகும்வரை றெக்கையை நூலால் கட்டிவைப்பார்கள். அப்படிக் கட்டிய புறா ஒன்று தத்தி, பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விழுந்திருக்கிறது. மேலே பருந்து சுற்றவும், இந்த மனுஷன் சுவர் தாண்டி அதில் இறங்கிவிட்டார். மழையில் ஊறிய கிழட்டு ஷீட். அதன் கீழே மாடிப்படிக் குழி, தரைவரைக்கும்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஒரு கால் முழங்கால்வரை ஷீட்டுக்குள் போயிருந்தது.

"யோவ், அசையாத."

"ஒண்ணும் ஆவல. மொதல்ல புறாவ வாங்கு."

"புறா நாசமாப் போவட்டும். படுத்துக்க. போல்ட் போட்ட வரிசையிலயே தவழ்ந்து வா. அதுக்கு அடியிலதான் கம்பி இருக்கு."

அவர் படுத்தார். ஷீட் இன்னொரு தரம் முனகியது. சுவர்மேல் கவிழ்ந்து கையை நீட்டினேன். கை எட்டியதும் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். வந்து விழுந்தவரை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டேன். அவர் சட்டைக்குள் புறா துடித்தது.

"விடு, மூச்சு முட்டுது."

"முட்டட்டும்."

சாயங்காலப் பாடத்தில் ஒரு பெண் கேட்டாள், "மிஸ், றெக்கைக்குப் போய் யாராவது ஜெயில் பேரை வைப்பாங்களா?"

பதில் சொல்வதற்குள் அவர் வாசலில் வந்து நின்றார். காலில் கட்டு. "புறாவுக்கு இரை போடணும். மாடிச் சாவியக் குடு."

"நான் போட்டுக்கறேன். நீ போய் உக்காரு," என்றேன். சாவி என் இடுப்பில் இருந்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.