சொல்லாமல் விலகிய குழி

என் கையெழுத்து மோசம், பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்புதான் படித்தேன். மன்னியுங்கள்.

பனியன் கம்பெனிக்கு ஆறு பேர் சைக்கிளில் ஒருவர் பின் ஒருவராக ஒட்டிப் போவோம். குழியைக் கண்டால் முதல் ஆள் கத்த வேண்டும். பின்னால் வருபவருக்கு ரோடு தெரியாது. அன்று முதல் ஆள் நான். எனக்குக் கத்தக் கூச்சம்.

"வாயத் திறந்தா முத்து உதிர்ந்துருமோ, அண்ணாச்சி?" என்றார் என்னை ஒட்டி வந்த தூத்துக்குடிக்காரர் சேவியர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பே கூசிப்போனது. வீரபாண்டி அருகே சாக்கடைக் குழி திறந்து கிடந்ததைப் பார்த்தும் குரல் எழவில்லை. சட்டென்று ஹேண்டில்பாரை ஒடித்து விலகினேன். சேவியர் அதில் விழுந்தார். கழுத்து முறிந்து அங்கேயே இறந்தார்.

"ஒங்களுக்கும் குழி தெரியலையா, அண்ணே?" என்று அவர் மனைவி கேட்டார்.

"தெரியலீங்க," என்றேன். அதை மட்டும் தயங்காமல் சொன்னேன். அவர் நம்பினார்.

பார்த்தேன் என்று இந்தத் தாளில்தான் முதல்முறை சொல்கிறேன். கார்த்திகை பத்து, ஞாயிறு.