வேறொரு கருவியில் ஆட்டம்

தோள்பட்டை இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலி. எண்ணெய்க் கிணற்றில் ராத்திரி முழுக்கக் குழாய் தூக்கியவனுக்கு வேறென்ன வரும்? அந்த வலியில் உளறுகிறான் என்பீர்கள். என்னவேனும் சொல்லிக்கொள்ளுங்கள். நடந்தது நடந்ததுதான். அதுவும் பட்டப்பகலில்.

கஜகஸ்தானின் மங்கிஸ்தாவ் வெட்டவெளியில் எங்கள் முகாம். பதினைந்து நாள் வேலை. அதுவரை டவர் கிடையாது. அதனால் அக்தாவ் நகரில் பஸ் ஏறும் முன்பே கையடக்க விளையாட்டுக் கருவியில் ஆட்டங்களை இறக்கிக்கொள்வோம். என்னிடம் இருந்தது ஒரே ஒரு கால்பந்தாட்டம். முகாமில் என் மேல் படுக்கைக்காரன் மெய்ரம்பெக்கின் கணக்கில் வாங்கியது. ஒன்பதாயிரம் தெங்கே, ஆளுக்குப் பாதி. பணம் போட்டவன் அவன். என் பாதியை அடுத்த சம்பளத்தில் தருவதாகப் பேச்சு. அதற்குள் லாரி கவிழ்ந்து செத்துப்போனான்.

அடக்கத்தன்று அவன் அண்ணன் அமாங்கெல்டி வழக்கப்படி உடலின் முன்னால் நின்று கேட்டார். "என் தம்பிக்கும் யாருக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

நான் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தனை பெரியவர்கள் முன்னால் 'விளையாட்டுக் கடன்' என்று எந்த வாயால் சொல்வது?

டிசம்பர் பத்தொன்பது. வெளியே பனிப்புயல். எதிர்க் கட்டிலில் குவானிஷ் குறட்டை. என் தலைக்கு மேலே மெய்ரம்பெக்கின் படுக்கை, காலி.

பகல் 1:40. ஆட்டம் உறைந்தது. திரையில் ஒரு வரி.

'இந்தக் கணக்கில் வேறொரு கருவியில் ஆட்டம் நடக்கிறது.'

நெட் இருந்தால்தான் அது வரும்.

"டேய் குவானிஷ், நெட் வருதா?"

"இந்தப் புயல்லயா? உன் மாமனார் டவர் வெச்சிருக்காரா? மூடிட்டுத் தூங்குடா."

மறுபடி ஆடினேன். 1:52. அதே வரி.

அப்போதுதான் கேட்டது... டக். டக். டக்.

மேல் படுக்கையிலிருந்து. பொத்தானை மும்மூன்றாக அழுத்துகிற சத்தம். மெய்ரம்பெக் அப்படித்தான் அழுத்துவான்.

உடம்பெல்லாம் சில்லிட்டது. கூடவே கோபமும் வந்தது.

"ஆட்டத்தை அழிக்க மாட்டேன் மெய்ரம். பதினஞ்சு நாளுக்கு எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான். வேணும்னா எறங்கி வந்து பிடுங்கிக்கோ."

டக்.

டக்...

மூன்றாவது வரவில்லை.

2:06. கருவி தானாக அணைந்தது. சார்ஜ் எழுபத்தொரு சதவீதம் இருந்தது.

அக்தாவ் திரும்பியதும் அமாங்கெல்டிக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அவன் கருவி எங்க?"

"லாரியோட நசுங்கி ரெண்டு துண்டு. பெட்டியில போட்டு வெச்சிருக்கேன். ஏன்?"

"பத்தொன்பதாம் தேதி மத்தியானம்..."

"அன்னிக்குத்தான் அவனோட நாப்பதாம் நாள் சாப்பாடு. ஒண்ணே முக்காலுக்கு எல்லாரும் உக்காந்தாங்க. அதுக்கு அஞ்சு நிமிஷம் முன்ன, கடன் உண்டான்னு இன்னொரு தடவை கேட்டேன். யாரும் வாயத் திறக்கல. நீ தரணுமா தம்பி?"

"இல்லண்ணே."

வாய் அப்படித்தான் சொன்னது. பயமுறுத்தி என்னிடம் எவனும் வாங்க முடியாது, செத்தவனானாலும். அந்த ஆட்டத்தை இன்றைக்கும் ஆடுகிறேன். மேல் படுக்கைக்கு வேறு ஆளை விடவில்லை.

மெய்ரம்பெக்குக்கு நான் தர வேண்டியது நாலாயிரத்து ஐந்நூறு தெங்கே.