நாற்காலியில் உட்காரவைத்த ஜெபம்

எழுந்து நின்றால்தானே மனுஷன் விழுவான்? உட்கார்ந்தே இருந்தால் எப்படி விழுவான்? போன ஈஸ்டருக்கு மறுநாள் இதைப் பெரிய ஞானம் என்று நம்பியவன் நான். சபை நாடகத்தில் கோமாளி வேஷம் போட்டபோதுகூட, இன்று சாட்சி சொல்ல உங்கள் முன்னால் நிற்கிற அளவுக்குக் கூச்சப்பட்டதில்லை.

அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்குத் தனியாக நடந்துபோய், மீன்காரம்மாவிடம் வம்பிழுத்து, சங்கரா வாங்கி வருகிறவர். அன்று காலை நான் பால் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைகிறேன், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் கிடக்கிறார். நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தேன். தலையில் கைவைத்து ஜெபித்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "சும்மா இருப்பா, ஜெபம் நடக்குதில்ல" என்று அடக்கிவிட்டு, சத்தத்தை இன்னும் கூட்டினேன்.

"ஆண்டவரே, என் தகப்பன் இனி விழவே கூடாது!"

ஆண்டவருக்கு ஒத்தாசையாக நானும் சில காரியம் செய்தேன். செருப்பை ஒளித்துவைத்தேன். தட்டு, தண்ணீர், டிவி ரிமோட் எல்லாம் கைக்கு எட்டும்படி வைத்தேன். அவர் லேசாக அசைந்தாலே, "உக்காருப்பா!"

"நான் இன்னா பீங்கான் தட்டாடா?" என்று திட்டிப் பார்த்தார். பிறகு திட்டுவதையும் விட்டுவிட்டார்.

அவர் விழவில்லை. ஜெபம் கேட்கப்பட்டது என்று சபையில் சொல்லிக் கைதட்டும் வாங்கினேன். மூன்று மாதத்தில் அவர் கால் இரண்டும் குச்சியாகிவிட்டது. ஒரு நாள் நான் பிடித்துக்கொண்டும் எழ முடியவில்லை. லுங்கி நனைந்துவிட்டது. என் முகத்தைப் பார்க்காமல், "உங்கம்மாகூடவே போய்ச் சேர்ந்திருக்கணும்" என்றார்.

மொட்டைமாடிக்குப் போய் அழுதேன். வாழ்க்கையில் நான் சத்தமில்லாமல் ஜெபித்தது அன்றுதான். "என் தப்பு என்னன்னு காட்டுங்க ஆண்டவரே. அவர் தன் காலால பாத்ரூம் போனா போதும்."

மறுநாள், பக்கத்து வீட்டில் பக்கவாதம் வந்தவரைப் பார்க்க வந்த பிசியோதெரபி அம்மா, அப்பாவைக் கண்டு தானாக உள்ளே வந்தார். நான் கூப்பிடவே இல்லை. காலை அழுத்திப் பார்த்தார்.

"யாரு சார் இவர இப்படி உக்காரவே வெச்சது?"

"நான்தாங்க. விழக்கூடாதுன்னு..."

"நல்லா வெச்சீங்க. வேலை செஞ்சாதான் சார் அது காலு."

நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரவேண்டும். முதல் வாரம் இரண்டு தடவை, அப்புறம் ஐந்து, பத்து. பிறகு சுவரைப் பிடித்து நடை. நான் எண்ணினேன், அவர் திட்டினார். அந்தத் திட்டு திரும்பி வந்ததற்கே ஸ்தோத்திரம் சொன்னேன். அறுப்பின் பண்டிகையில் ஒரு சின்னப் பூசணிக்காயைக் கையில் ஏந்தி, ஆலய வாசலிலிருந்து பீடம்வரை அவர் தனியாக நடந்ததை நீங்களே பார்த்தீர்கள்.

வீட்டில் வயதானவர்களை வைத்திருக்கிற சகோதர சகோதரிகளே, என்னைப்போல் பயத்துக்கு விசுவாசம் என்று பேர் வைக்காதீர்கள். ஆண்டவரை நம்புங்கள். அவர் கொடுத்த கால்களையும் நம்புங்கள்.

பண்டிகை முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன். "அன்னிக்கு எப்படிப்பா வுழுந்த?"

"எவன்டா வுழுந்தான்? செருப்பு கட்டிலுக்கு அடியில பூந்துக்கிச்சு. படுத்து எடுத்துகினு இருந்தேன்."

"அத அப்பவே சொல்லக்கூடாதா?"

"சொன்னேன்டா. நீ ஜெபம் பண்ணிகினு இருந்த."