எல்லாருக்கும் வீக்னெஸ்

அமீருன்னிசாவை ஆஸ்பத்திரியில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நோயாளிகளுக்கு அவள் பீவிம்மா. நார்வேயிலிருந்து வந்த டாக்டரம்மாவுக்கு அவள்தான் வாயும் காதும். கடலூர் முதுநகரில் துறைமுகத்துப் பக்கமாக இருந்த அந்தச் சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் பொம்பளைகள் தமிழில் சொல்வதை அவள் இங்கிலீஷில் சொல்லுவாள். டாக்டரம்மா அதைத் தன் பாஷைக்குக் கொண்டுபோய் யோசித்து, மறுபடி இங்கிலீஷில் பதில் சொல்லுவார். இத்தனை கை மாறி வருவதற்குள் நோய் பாதி ஆறிப்போயிருக்கும்.

பரங்கிப்பேட்டைக்காரி அவள். புருஷன் நூர்முகம்மது பினாங்குக்குக் கப்பலேறினார். கொஞ்ச நாள் கடிதம் வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. துறைமுக அதிகாரியாக இருந்த ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் பிள்ளை பார்த்துக்கொண்டபோது காதில் விழுந்ததுதான் அவளுடைய இங்கிலீஷ். சண்டைக்கும் தாலாட்டுக்கும் போதுமான இங்கிலீஷ் அது. ஆஸ்பத்திரிக்கும் போதும் என்று நினைத்துத்தான் வேலையில் சேர்ந்தாள்.

தலைவலி, சீதபேதி, கை முறிவு எல்லாம் சுலபம். மனசைப் பற்றிப் பேச ஆரம்பித்தால்தான் தொல்லை. "பேஜாரா இருக்குது" என்பாள் ஒருத்தி. இன்னொருத்திக்கு எதைப் பார்த்தாலும் எரிச்சல். பரங்கிப்பேட்டையிலிருந்து வருகிறவர்கள் "கல்பு சரியில்ல லாத்தா" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டிக் கண்ணைத் துடைப்பார்கள். வெறுப்பு, சலிப்பு, கடுப்பு, விசாரம் என்று வாசலில் வரிசை நிற்கும். இங்கிலீஷிலோ அவளுக்குத் தெரிந்தது துக்கம், கோபம் என்ற இரண்டே. ஒரு தடவை டாக்டரம்மாவிடம் உங்கள் ஊரில் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டாள். குளிர்காலத்தில் எங்களுக்குச் சூரியனே வராது, அப்போது எல்லாரும் இப்படித்தான் ஆவோம் என்று சொல்லி, தொண்டையில் மீன்முள் சிக்கியது போல ஒரு வார்த்தையைச் சொன்னார் டாக்டரம்மா. இங்கே சூரியன் வந்தும் அப்படித்தானே இருக்கிறது என்று அமீருன்னிசா நினைத்துக்கொண்டாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாவற்றையும் அக்கறையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து கொளஞ்சி என்று ஒருத்தி வந்தாள். அவள் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள் அமீருன்னிசா. டாக்டரம்மா நர்ஸிடம் இது 'மென்டல்' சம்பந்தப்பட்டது என்றார். அவர் மனசு என்ற அர்த்தத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை மட்டும் தமிழ்நாட்டில் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியதில்லையே! பக்கத்தில் நின்ற கொழுந்தன் காதில் அது விழுந்தது. மறுமாசமே கொளஞ்சியை அம்மா வீட்டில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டார்கள், புருஷனுக்கு வேறு பெண்ணும் பார்த்துவிட்டார்கள்.

அதன் பிறகு யார் வந்து என்ன அழுதாலும் அமீருன்னிசா டாக்டரம்மாவிடம் சொல்வது ஒன்றுதான். வீக்னெஸ். டாக்டரம்மா கண் இமையை இழுத்துப் பார்ப்பார். நம் பெண்களில் எவளுக்கு ரத்தம் இருந்தது? டானிக் எழுதிக் கொடுப்பார். பழி இல்லாமல் வீடு போய்ச் சேர்வார்கள். நல்லதுதான் செய்கிறோம் என்று முதலில் நினைத்தாள். வருஷங்கள் போகப்போக நினைப்பும் போய், வாய் மட்டும் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்டுக் கேட்டு அவளுக்கே அலுத்துவிட்டது.

அறுபத்து நாலு கார்த்திகையில் சௌந்தரம் வந்தாள். கிள்ளைப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள், பிறந்த வீடு சிதம்பரம். புருஷன் சடையப்பன் கைக்குழந்தையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றான். வெளியே மழை, உள்ளே கூட்டம்.

"என்னாம்மா பண்ணுது?" என்றாள் அமீருன்னிசா.

"ஒண்ணும் புடிக்கல பீவிம்மா. கொழந்த அழுவுது. யார் ஊட்டு கொழந்தையோ அழுவுதுன்னு இருக்குது. எழுந்து போவணும்னு தோணல."

"வீக்னெஸ்" என்றாள் டாக்டரம்மாவைப் பார்த்து. அந்தப் பெண்ணின் முகத்தை அவள் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

டானிக் பாட்டிலை வாங்கிக்கொண்ட சடையப்பன் போகாமல் நின்றான். "என்னா சொன்னா அவ? எங்கிட்ட வாயே தெறக்க மாட்டேங்குறா. வேற எதுனா இருந்தா சொல்லுங்க, நான் பாத்துக்குறேன்."

"ஒண்ணுமில்ல தம்பி. வீக்னெஸ்தான். நல்லா சாப்புட சொல்லுங்க."

மார்கழியில் சௌந்தரம் பிச்சாவரம் உப்பங்கழியில் இறங்கிவிட்டாள். நண்டு பிடிக்க வந்தவர்கள் பார்த்து, முடியைப் பிடித்துத் தூக்கி மேலே போட்டார்கள். இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தது மாமியார் ரத்தினம்மாள். சடையப்பன் குழந்தையோடு வீட்டில் இருந்தான்.

அன்றைக்கு அமீருன்னிசா எல்லாவற்றையும் சொன்னாள். வார்த்தை கிடைக்காத இடத்தில் சுற்றிச் சுற்றிச் சொன்னாள். பினாங்கிலிருந்து கடிதம் நின்றுபோன வருஷம் தான் எப்படிக் கிடந்தாள் என்பதைக்கூட உதாரணமாகச் சொன்னாள். டாக்டரம்மாவின் முகம் சிவந்துவிட்டது. அப்போதே ஏன் சொல்லவில்லை என்று மேஜையைத் தட்டினார். நர்ஸைக் கூப்பிட்டுப் பேசியதில் அந்த வார்த்தையும் வந்தது. "மென்டலா? நெனச்சேன்" என்று எழுந்தாள் ரத்தினம்மாள். "எம் பேரன இனிமே இவ கையில குடுக்க மாட்டேன்."

சௌந்தரம் ஆஸ்பத்திரியிலேயே இருந்து மெல்லத் தேறினாள். கூட்டிப்போக வந்தது அவள் அம்மா மங்கலம் மட்டும்தான்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமீருன்னிசா ரயிலேறினாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவில்லை. போகாமலும் இருக்க முடியவில்லை. சிதம்பரம் ஸ்டேஷன் பலகையில் இந்தி எழுத்தின் மேல் பூசிய தார் இன்னும் பளபளத்தது. தெற்கு வீதிக்குப் பின்னால் விசாரித்துக்கொண்டு வீட்டைக் கண்டுபிடித்தாள். மங்கலம் காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

சௌந்தரம் இளைத்திருந்தாள், ஆனால் கண் நேராகப் பார்த்தது. "இப்ப கொழந்த என்னுதுன்னு தெரியுது பீவிம்மா. தெரிஞ்சி என்னா பண்றது, கையில இல்லியே."

அமீருன்னிசா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "உன்னைக் காப்பாத்தறதா நெனச்சிதாம்மா அப்ப சொல்லல. அந்த வார்த்தைய கேட்டா வெரட்டிடுவாங்கன்னு."

"மொத தடவ அவருதான வந்தாரு," என்றாள் சௌந்தரம். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் தாங்க முடியவில்லை. "அவரு வெரட்டற ஆளு இல்ல. எனக்கு சொல்ல தெரியல, அதான் உங்ககிட்ட இட்டாந்தாரு. இன்னிக்கும் அவருக்கு எனக்கு என்னா வந்துதுன்னு தெரியாது. அவுங்க அம்மா சொன்னதுதான் தெரியும். டாக்டரம்மாகிட்ட அன்னிக்கி அவ்ளோ நேரம் சொன்னீங்களே, அத அவருகிட்ட போயி சொல்றீங்களா? தமிழ்லயே சொல்லுங்க."

கடலூருக்குத் திரும்பும் வண்டியில் ஏறிய அமீருன்னிசா கிள்ளையிலேயே இறங்கிவிட்டாள். வெயிலில் வரப்போரமாக நடந்தபடி வார்த்தை தேடினாள். சலிப்பு என்றால் சோம்பல் என்று நினைப்பான். வெறுப்பு என்றால் தன் மேல் என்று நினைப்பான். துக்கம் என்றால் என்ன குறை வைத்தேன் என்பான். இங்கிலீஷில் இல்லை இல்லை என்று இத்தனை வருஷம் சாக்குச் சொன்னாளே, தமிழில் மட்டும் எங்கே இருந்தது?

களத்துமேட்டில் சடையப்பன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான். நெல் தூற்றிக்கொண்டிருந்த ரத்தினம்மாள் முறத்தை வைத்துவிட்டு வந்தாள்.

"இங்க என்னா வேல உங்களுக்கு? அதுக்கு மென்டலுன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க."

சடையப்பன் அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அவ என்னா சொன்னா பீவிம்மா?" என்றான். கார்த்திகையில் கதவோரம் நின்று கேட்டது போலவேதான் கேட்டான்.

"உக்காருங்க தம்பி," என்று அமீருன்னிசாவும் தரையில் உட்கார்ந்தாள். "நீங்களும் உக்காருங்கம்மா. கொஞ்சம் நேரம் ஆவும்."