பல்பின் கழுத்தில் இருந்த தேதி

என் வீட்டுக்காரருக்குக் கரண்ட் வீணானால் ஆகாது. நான் அடுப்படியை விட்டு வெளியே வந்த மறுநிமிஷம் சுவிட்சை அணைத்துவிடுவார். மறந்துவிட்டு வந்தேனோ, "இன்னாமே, கண்ணாலமா நடக்குது வூட்ல?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சி.எஃப்.எல். பல்பு புதிதாக வந்திருந்த சமயம். உத்திரமேரூர் நெல் மண்டிக்கு மூட்டை தூக்கப் போனவர், கூலிக் காசில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"யோவ், இந்தக் காசுக்குப் பத்து குண்டு பல்பு வாங்கலாமேய்யா! புத்தி கெட்டுப்போச்சா?" என்று கத்தினேன்.

"கரண்ட் பில்லு வரட்டும், அப்பால பேசு. ஒரு வருசத்துக்குள்ள போச்சுன்னா புதுசு சும்மா குடுப்பாங்கோ."

அதற்காக, வாங்கிய தேதியைப் பல்பின் வெள்ளைக் கழுத்தில் கடையிலேயே எழுதிக் கொடுப்பார்கள். இவர் பேனாவை வாங்கித் தானே அழுத்தி எழுதியிருந்தார். தேதிக்குக் கீழே, கோணல் எழுத்தில், 'நம்ம வூடு'.

பில் நிஜமாகவே குறைந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்குத்தான் வாய் வரவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். ஆறாம் மாதம் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை.

பதினோராம் மாதம் பல்பும் போயிற்று. ஒரு வருஷம் ஆகவில்லையே என்று கடைக்கு ஓடினேன். கடைக்காரர் தேதியைப் பார்த்தார், புதிதை நீட்டினார், பழையதைப் பெட்டியில் போட்டார். காசு மிச்சம் என்ற சந்தோஷத்தோடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துவிட்டேன். படியில் கால் வைக்கும்போதுதான் உறைத்தது. அடிப்பாவி! அவர் கையெழுத்து என்று வீட்டில் இருந்தது அது ஒன்றுதானே!

திரும்பி ஓடினேன். "அண்ணா, அந்தப் பழைய பல்பக் குடுத்துடுண்ணா."

"ஃபியூஸ் போனது இன்னாத்துக்குக்கா? நான் கம்பெனிக்குக் காட்டணும். அதான் வோணும்னா புதுசக் குடுத்துட்டு எடுத்துக்கினு போ."

புதியதை மேஜைமேல் வைத்தேன். பெட்டி நிறைய எரியாத பல்புகள். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். 'நம்ம வூடு' கண்ணில் பட்டதும் அங்கேயே அழுதுவிட்டேன். கடைக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் பெட்டிக்கடையில் ஒரு குண்டு பல்பு வாங்கி மாட்டினேன். வேண்டுமென்றே அடுப்படி விளக்கையும் அணைக்காமல் வந்து உட்கார்ந்தேன். "கண்ணாலமா நடக்குது வூட்ல?" என்று ஒரு தரம், ஒரே ஒரு தரம் கேட்கமாட்டாரா என்று இருந்தது.