ஷரிபா எழுதிய இருநூற்றைம்பது மீட்டர்

உஸ்பெகிஸ்தானின் நூகுஸ் விமான நிலையத்தில் தீயணைப்பு வண்டிக்காரனாக நான் இருந்த பதினெட்டு வருடமும் எங்கள் கொட்டகைக்கு அடுத்த அறை ஷரிபா அக்காவுடையது. அரை மணிக்கு ஒரு தடவை வெளியே வந்து வானத்தைப் பார்ப்பாள், தூரத்தைப் பார்ப்பாள், உள்ளே போய்க் கோபுரத்துக்குப் போன் செய்து சொல்வாள். மேகம் எவ்வளவு, காற்று எங்கிருந்து, கண்ணுக்கு எத்தனை மீட்டர் தெரிகிறது. அதுதான் வேலை. நாளைக்கு என்ன ஆகும் என்று சொல்வது தாஷ்கந்தில் இருக்கிறவர்களின் வேலை. ஊரில் யாருக்கும் இந்த வித்தியாசம் புரியாது.

"என்ன ஷரிபா, வெயில்னு சொன்னே, நனைஞ்சு போய்ட்டோம்!" என்பார்கள் சந்தையில்.

"நான் எப்பய்யா சொன்னேன்? நான் எதுவுமே சொல்லலியே!" என்று அவள் கத்துவாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போவாள்.

அந்த ஜனவரி மாதம் எங்களை ஆட்டிவைத்தது. திங்கட்கிழமை மைனஸ் பத்தொன்பது. வண்டியின் தண்ணீர்க் குழாயைச் சூடாக்கவே காலை முழுக்கப் போனது. செவ்வாய் அன்று கிஸில்கும் பாலைவனப் பக்கமிருந்து காற்று வந்து வானமே பழுப்பாகிவிட்டது. புதன்கிழமை திடீரென்று ஏழு டிகிரி. கூரையெல்லாம் சொட்டி, தெருவெல்லாம் உப்புச் சேறு. அன்று ராத்திரி வானம் கழுவிவிட்ட மாதிரி தெளிந்தது. ஈரத் தரை, காற்றில்லாத தெளிந்த வானம். "காலையில மூடிக்கும் பாரு தம்பி" என்று போகும்போது அக்கா முணுமுணுத்தாள். அவளுக்கும் சில விஷயம் தெரியாமல் இல்லை.

வியாழன் காலை அப்படியேதான் மூடியிருந்தது. நூறு மீட்டர் தள்ளி நின்றால் என் வண்டியே மங்கல். ஜிதா மரங்களில் முள்முள்ளாக வெள்ளைப் பனி.

அன்றைக்கு விமானத்தில் போக வேண்டியவர்களில் அக்காவின் தம்பி குவானிஷும் ஒருவன். பெரிய லாரி ஓட்டுகிறவன், நாற்பத்திரண்டு வயது, வாயாடி, ஆனால் அக்காமேல் உயிர். முந்தின நாள்தான் இங்கே கண் டாக்டர் பார்த்துவிட்டு, வலது கண்ணில் விழித்திரை கழன்றுவிட்டது, தாஷ்கந்துக்கு உடனே போ, ரெண்டு நாளில் கத்தி வைத்தால் பார்வை நிற்கும் என்று சொல்லியிருந்தார். அங்கே வெள்ளி காலை அறுவைக்கு நேரமும் கிடைத்திருந்தது. அவன் மனைவி ஆய்ஷோல்பான் கூடவே கிளம்பியிருந்தாள்.

தாஷ்கந்திலிருந்து வரும் விமானம் ஒன்பது இருபதுக்கு இறங்கி, இவர்களை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். எண்ணூறு மீட்டராவது தெரிந்தால்தான் இறங்கலாம். அக்கா வெளியே நின்றாள். அறுநூறு மீட்டரில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி இல்லை. நானூறில் இருக்கும் பாப்ளர் மர வரிசை இல்லை. ஐம்பது மீட்டருக்கு ஒன்றாக நிற்கும் ஓடுதளத்து விளக்குகளை விரல் விட்டு எண்ணினாள். ஐந்தாவது விளக்கு இருந்தது, ஆறாவது இல்லை. உள்ளே போய் எழுதினாள்: இருநூற்றைம்பது.

ஒன்பது மணிக்கு அவள் கைப்பேசி அடித்தது. பயணிகள் கூடத்திலிருந்து ஆய்ஷோல்பான். அக்கா கையில் தேநீர்க் கிண்ணம் இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டாள். கதவருகே நின்ற எனக்கும் கேட்டது.

"அக்கா, நீங்க இருநூத்தம்பதுன்னு எழுதியிருக்கீங்களாமே?"

"ஆமா. அவ்வளவுதான் தெரியுது."

"கொஞ்சம் கூட்டி எழுதுனா என்ன அக்கா? வானிலை நம்ம வீட்டு ஆளுதானேன்னு நான் தைரியமா இருந்தேன். எண்ணூறுன்னு எழுதுங்க. விமானி என்ன கண்ணை மூடிக்கிட்டா வர்றான்? தரை தெரியலன்னா அவனே மேல ஏத்திட்டுப் போறான்."

"ஆய்ஷோல், எண்ணூறுன்னு நான் சொல்லித்தான் அவன் கீழ வருவான். அதுல அம்பது பேர் இருக்காங்கம்மா."

குவானிஷ் போனை வாங்கிக்கொண்டான். "அக்கா, அந்த அம்பது பேர் யாருன்னு உனக்குத் தெரியுமா? என்னைத் தெரியும்ல?"

"வாயை மூடுடா."

"மூடிடறேன். கண்ணு தானா மூடிக்கும்."

அக்கா அழைப்பைத் துண்டித்தாள். கிண்ணத்தை வைத்துவிட்டு மறுபடி வெளியே வந்து எண்ணினாள். ஐந்து. என்னைக் கூப்பிட்டாள். "தம்பி, உன் கண்ணு நல்ல கண்ணு. எண்ணிச் சொல்லு." நான் எண்ணினேன். நாலரை என்று சொல்லலாம் போலிருந்தது. "அஞ்சு" என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

விமானம் வந்தது எங்களுக்குக் காதில்தான் தெரிந்தது. பனிமூட்டத்துக்கு மேலே நல்ல வெயிலில் அது வட்டமடித்துக்கொண்டிருந்தது. ஒரு வட்டம், இரண்டு, மூன்று. நானும் மற்றவர்களும் வண்டியில் தயாராக உட்கார்ந்திருந்தோம். அப்படி உட்கார்ந்தவன் சொல்கிறேன், அந்த மூட்டத்துக்குள் அது இறங்கியிருந்தால் நாங்கள் தேடித்தான் போயிருக்க வேண்டும். ஒன்பதே முக்காலுக்கு அந்தச் சத்தம் கிழக்கே போய்த் தேய்ந்தது. பக்கத்து ஊர்கெஞ்ச் விமான நிலையமும் மூடியிருந்ததால் தாஷ்கந்துக்கே திரும்பிவிட்டது.

பத்து பத்துக்குச் சின்னதாக ஒரு காற்று கிளம்பியது. என் கண்முன்னாலேயே பாப்ளர் மரங்கள் வந்தன, தொட்டி வந்தது, அதற்கப்பால் பஞ்சாலைப் புகைபோக்கி வந்தது. பத்தரைக்கு வானம் நீலம். ஒரு மேகம் கிடையாது. அக்கா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"இப்ப வா! இப்ப எதுக்குடா வர்றே, சனியனே!" என்று வெயிலைப் பார்த்துக் கத்தி, கதவை ஓங்கி உதைத்தாள். கீல் ஒன்று கழன்றது. பிறகு உள்ளே போய், "பத்து கிலோமீட்டருக்கு மேல்" என்று போனில் சொன்னாள்.

குவானிஷ் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். வலது கண்ணில் கட்டு. "என்னமா இருக்கு வானம்! பாருக்கா, நல்லாப் பாரு. உனக்கு ரெண்டு கண்ணு இருக்குல்ல" என்றான்.

அன்று வேறு விமானம் இல்லை. மறுநாள் விமானத்தில் ஒரு இடமும் இல்லை. சாயங்கால ரயிலைப் பிடித்தார்கள். வழியில் பனிக்காற்றடித்து ரயில் நின்று நின்று போனது. வெள்ளி இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தபோது டாக்டர் வீட்டுக்குப் போயிருந்தார். திங்கட்கிழமைதான் அறுவை செய்தார்கள். அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. வசந்தத்தில் லாரி உரிமம் போயிற்று. டயர் கடையில் காவல் வேலைக்குச் சேர்ந்தான்.

அதன் பிறகு அக்கா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தம்பி வீட்டுக்குப் போனால் ஆய்ஷோல்பான் பால் தேநீரை முகத்தைப் பார்க்காமல் நீட்டுவாள். உறவுக்காரர்கள், "சொந்தத் தம்பிக்கு ஒரு ஐந்நூறு மீட்டர் தர மனசு வரலியே" என்று காதுபடப் பேசுவார்கள். வேலையிடத்திலாவது யாராவது நல்லதாகச் சொன்னார்களா? சரியாகப் பார்த்துச் சரியாக எழுதினால் யார் பாராட்டப் போகிறார்கள்?

மனசு தாங்காமல் ஜூன் மாதம் தாஷ்கந்து டாக்டருக்குப் போன் போட்டாள். "மூணு நாள் முன்னாடி செஞ்சிருந்தா கண்ணு பிழைச்சிருக்குமா ஐயா?"

"பிழைச்சிருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். கறுப்புத் திரை இறங்குற மாதிரி இருக்குன்னு ஒன்பது நாளா வண்டி ஓட்டியிருக்காரே, அதை எந்தக் கணக்குல வைக்கச் சொல்றீங்க?"

அதை மூன்று மாதம் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தாள். என்னிடம் மட்டும் சொன்னாள். "சொல்லிடுங்க அக்கா" என்றேன். "சொன்னா என்ன, கண்ணு வந்துடுமா?" என்று எரிந்து விழுந்தாள்.

செப்டம்பரில் அக்காவின் அண்ணன் மகனுக்குக் கல்யாண விருந்து. நானும் போயிருந்தேன். கறித்தட்டு வந்ததும் குவானிஷ் ஆரம்பித்தான். "எங்கக்காவுக்கு ஒரு எலும்பு குடுங்கப்பா. எத்தனை மீட்டர் நீளம்னு சரியா எழுதிக் குடுப்பா." எல்லாரும் சிரித்தார்கள்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். "ஒன்பது நாள் திரை தெரிஞ்சும் துர்த்குல் ஊருக்கும் நம்ம ஊருக்குமா ஏன்டா லாரி ஓட்டினே? அதையும் எழுதட்டுமா?"

சிரிப்பு நின்றது. ஆய்ஷோல்பான் தேநீர்க் கூஜாவைத் தரையில் வைத்தாள். "ஒன்பது நாளா? என்கிட்ட முந்தா நாளுன்னுதானே சொன்னே?"

"டாக்டர்கிட்ட போனா உரிமத்தைப் பிடுங்கிடுவாங்கன்னு..." என்று இழுத்தான் அவன். "ஓட்டாம வேற என்ன தெரியும் எனக்கு?"

"பக்கத்துல பிள்ளைங்களை வேற உக்கார வச்சு ஓட்டினியே!" என்று கத்திவிட்டு ஆய்ஷோல்பான் எழுந்து வெளியே போனாள். அவனும் பின்னாலேயே போனான். அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வென்ற முகமாக இல்லை அது. "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்" என்று வீடு திரும்பும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

இப்போது ஆய்ஷோல்பான் அவளிடம் முகம் பார்த்துப் பேசுகிறாள். உறவுக்காரர்கள் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. குவானிஷ் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட அக்கா வீட்டுக்கு வருகிறான், ஆனால் அவள் தன் பார்வையில்லாத வலது பக்கம் இருக்கிற மாதிரி இடம் பார்த்துத்தான் உட்காருவான். அவள் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்து இடது பக்கம் உட்காருவாள்.

"இங்க இருக்கேன்டா" என்பாள்.

"தெரியுது, தெரியுது" என்பான் அவன், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே.