மங்கிய பல்ப்

ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய மோர்னிங்சைட்டின் குளிர் எங்கள் பழைய காருக்கு ஒத்துவரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை திறப்பைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பற்றறியில் சார்ஜ் இறங்கிவிட்டது. அன்று பின்னேரம் எனக்கு றோட் டெஸ்ட். ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டிருந்தேன். யூனியன்வில்லில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். விடியற்காலை வேலை, அந்நேரம் பஸ் கிடையாது. லைசென்ஸ் எடுக்காவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். எனக்கு அழுகை வந்தது.

சார்ஜர் ஒன்று வாங்கினால் முடிகிற காரியம். ஆனால் என் கணவர் ஊரில் ரேடியோ திருத்தியவர். கடையில் வாங்குவது அவருக்கு மானப் பிரச்சினை. வீட்டுக் கரண்டைக் குறைத்துத் தருகிற, தொழிற்சாலையில் கழித்த ட்றான்ஸ்போமர் ஒன்றை எப்போதோ தூக்கிவந்து கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். குப்பை என்று நான் ஏசாத நாளில்லை. அதை இழுத்தெடுத்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காரின் பற்றறியைக் கழற்றி, எங்கள் பேஸ்மென்ட் குசினிக்குள், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் பேப்பர் விரித்து வைத்தார். ஜன்னலைத் திறந்துவிட்டார். ட்றான்ஸ்போமரோடு, கரண்டை ஒரே பக்கமாகப் போகவிடும் டயோட்டுகளையும் பூட்டினார். நேராகக் கொடுத்தால் கரண்ட் அளவுக்கு மிஞ்சிப் பாய்ந்து பற்றறியைப் பழுதாக்கிவிடுமாம். அதனால் வயரின் நடுவில் பழைய ஹெட்லைட் பல்ப் ஒன்றைக் கோத்தார். கரண்ட் அதற்குள்ளால்தான் போகவேண்டும். பல்ப் அதை மட்டுப்படுத்தும். பல்ப் பளீரென்று எரிந்தது.

"நீர் ஒண்டையும் தொடாதையும். மத்தியானம் வந்திடுவன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

நான் சாலை விதிப் புத்தகத்தோடு பக்கத்தில் குந்தியிருந்தேன். வரவர பல்ப் மங்கியது. போர்க்காலத்தில், மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் கார் பற்றறியில் பல்ப் எரித்த வீடு எங்களுடையது. பல்ப் மங்கினால் பற்றறி சாகிறது என்று அர்த்தம். முதலில் காண்பவர் ஓடிப்போய் வயரைக் கழற்றவேண்டும். கை தானாகப் போனது. பிளக்கைப் பிடுங்கி, வயர்களையும் கழற்றிவிட்டு, கதிரையில் இருந்து அழுதேன்.

கணவர் வந்ததும், "மிச்சத்தை எண்டாலும் காப்பாத்தி வைச்சிருக்கிறன்" என்றேன்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்த பல்ப் பற்றறியைத் தின்னவில்லையாம். பற்றறி நிறைய நிறைய இழுக்கிற கரண்ட் குறையும், அதனால் பல்ப் மங்கும்.

"மங்கினா நிறைஞ்சு வருகுது எண்டு அர்த்தமப்பா."

"உதைக் காலமை சொல்லியிருந்தா என்ன?"

அவர் பற்றறியைத் தூக்கிக்கொண்டுபோய்க் காரில் பூட்டினார். என் கோபம் மட்டும் டெஸ்ட் எடுக்கிற இடம்வரை ஆறவில்லை. கார் என்னவோ முதல் திருப்பிலேயே உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது. அந்தக் கோபத்திலேயே பயப்பட மறந்து ஓட்டினேன். சோதித்த பெண்மணி தாளை நீட்டி, பாஸ் என்றாள்.

வெளியே வந்ததும் கணவர் பழக்கதோஷத்தில் ஓட்டுநர் பக்கம் போனார். நான் கையை நீட்டினேன். திறப்பைத் தந்துவிட்டு மற்றப் பக்கம் போய் ஏறினார். வழி முழுக்க அவருடைய கால், அந்தப் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் யூனியன்வில்லுக்குப் போன் எடுத்தேன். திங்கட்கிழமை வருகிறேன் என்றேன். பஸ் இல்லாத நேரத்தில் யார் கொண்டுவந்து விடுவார்கள் என்று கேட்டார்கள்.

"ஒருத்தரும் இல்லை, நானே வருவேன்" என்றேன்.